நூறு சொல்லுக்குப் பத்து சென்ட்

நூறு சொல்லுக்குப் பத்து சென்ட்.
காற்புள்ளிக்குக் கூலி கிடையாது.
மை என்னுடையது, காகிதம் காப்புரிமை அலுவலகத்துடையது,
மெழுகுவத்தி யாருடையது என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

'அனைவரும் அறிக' என்றுதான் எல்லாமே தொடங்கும்.
அனைவரும் அறிக: விஸ்கான்சின், ராக் கவுண்டியில் வசிக்கும்
அலான்சன் பிக்ஸ்பி ஆகிய நான்
கதிர் அறுக்கும் இயந்திரத்தில்
புதியதும் பயனுள்ளதுமான ஒரு மேம்பாட்டைக் கண்டுபிடித்துள்ளேன்.
புதியதும் பயனுள்ளதும்: இந்த வாரத்தில் முப்பத்தொன்றாவது முறை.
தூக்கத்திலும் எழுதுவேன்.

இதுவரை அந்த இயந்திரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும்.
ஒருவன் குதிரைகளைப் பார்க்க,
மற்றவன் பின்னால் உட்கார்ந்து
பலகையில் சாயும் கோதுமையை
வாரி வாரித் தள்ள.
பத்து ஏக்கர் முடிவதற்குள் அவன் முதுகு
முதுகாக இருக்காது என்கிறார்கள்.
எனக்குத் தெரியாது. நான் பால்டிமோரில் பிறந்தவள்,
கோதுமையை மாவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பிக்ஸ்பி செய்தது இது:
ஏ என்பது சட்டம். பி என்பது சக்கரம்.
சக்கரம் உருள, ஈ என்ற இரும்புக் கை
தானே இறங்கி, தானே வாரி,
தானே மேலேறிப் போகும்.
ஜே என்பது ஓட்டுபவனின் இருக்கை.

படத்தில் ஜே-யை ஒட்டி இன்னொன்று இருந்தது.
கே.
எழுத்து இருந்தது, அதற்குச் சொல் இல்லை.
பதினொரு பக்கத்தையும் இரண்டு தடவை தேடினேன்.

மாதிரியைப் பார்த்துவிடலாம் என்று மேல்மாடிக்குப் போனேன்.
அந்த இலையுதிர்காலத்தில்
கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே கட்டில் போட்டிருந்தார்கள்.
ஆன்டீட்டம் போர்க்களத்திலிருந்து வந்தவர்கள்.
சாண் உயரக் கலப்பைகளுக்கும் விதைப்புப் பெட்டிகளுக்கும் கீழே
கால் போனவர்கள் படுத்திருந்தார்கள்.
வினிகர் வாடை.
காவலர் எடுத்துக்கொடுத்த அந்தச் சின்ன இயந்திரத்தைப் பார்த்து
ஒருவன் கேட்டான்: 'அது ஓடுமா?'
சக்கரத்தை விரலால் உருட்டிக் காட்டினேன்.
இரும்புக் கை இறங்கியது, காற்றை வாரியது, ஏறியது.
'இன்னொரு தடவை' என்றான்.

கே ஓர் இருக்கை.
கட்டைவிரல் அகலம்.
அதன்மேல் பச்சைக் கம்பளித் துண்டு ஒன்று, பசை போட்டு ஒட்டியது.
ஜே வெறும் மரம்.

பரிசோதகர் ட்விட்செல் எழுதியதை நான்தான் படி எடுத்தேன்:
'கே விளக்கப்படவில்லை. விளக்குக, அல்லது நீக்குக.'
ஐந்து சொல். அரை சென்ட்.

பனி விழுந்த பிறகு பதில் வந்தது.
'கே எந்த வேலையும் செய்வதில்லை.
நீக்கிவிடவும்.'

எந்த விண்ணப்பத்துக்கும் அடியில்
இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.
பெயர்களை நான் படிப்பதில்லை, வரைவேன்.
அன்று மட்டும் பழைய கட்டைப் பிரித்தேன்.
ஏப்ரலில்: டி. ஓ. ஹார்க்னஸ், லீமன் பிக்ஸ்பி.
லீமனின் 'பி'க்கும் அலான்சனின் 'பி'யைப் போலவே
தொப்பை; ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கிய எழுத்து.
டிசம்பரில்: டி. ஓ. ஹார்க்னஸ், யாரோ ஒரு மிஸஸ் வேல்.

இதிலிருந்து எதுவும் நிரூபணமாகாது.
மேற்கே நிலம் வாங்கிப் போயிருக்கலாம்.
பங்குத் தகராறாக இருக்கலாம்.
அன்று காய்ச்சலில் படுத்திருக்கலாம்.
லீமனுக்கு வாருகிற வேலையைத்தான் அண்ணனோ தம்பியோ
இரும்பிடம் கொடுத்தான்,
லீமனுக்கான இடத்தை
யாரிடமும் கொடுக்கவில்லை, ஏப்ரலில்.

படத்திலிருந்து கே-யை எடுக்கச் சொன்னார்கள்.
பேனாக்கத்தியால் சுரண்டினேன்.
இருக்கை லேசில் போய்விட்டது,
எழுத்துதான் இறங்கியிருந்தது ஆழமாக,
காகிதம் அங்கே வெங்காயத் தோலாகிவிட்டது.
இப்போது ஜே-க்குப் பிறகு நேராக எல்.
எழுத்துகளை மாற்றி வரிசைப்படுத்தும்படி
எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திருத்தத்தோடு சேர்த்து மொத்தம்
ஆயிரத்து நானூற்று ஆறு சொல்.
ஒரு டாலர் நாற்பது.
மீதி ஆறு சொல் அலுவலகத்துக்கு.